வாசகர் கேள்வி – பதில்: பிரெஞ்சுச் சிற்றூரில் முதல் கிறிஸ்துமஸ்

பிரான்ஸின் சிற்றூர்களில் அண்மையில் குடியேறிய தமிழ் வாசகர்களிடமிருந்து கிறிஸ்துமஸ் குறித்து வந்த கடிதங்களுக்கு இம்முறை விடை எழுதியிருக்கிறேன். நானும் தெற்கே, ஏறத்தாழ நானூறு பேர் வாழும் ஓர் ஊரில் பல ஆண்டுகளாக வசிப்பவள். ஆகவே சில விடைகளில் என் சொந்தத் தடுமாற்றங்களும் கலந்திருக்கும்.

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். கடந்த செப்டம்பரில்தான் வொக்ளூஸ் மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்கு வந்தோம். என் கணவருக்கு இங்கே மது ஆலையில் வேலை. அக்கம்பக்கத்தார் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் டிசம்பர் 24 இரவுக்கு ஒருவரும் எங்களை அழைக்கவில்லை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் தெருவில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. நாங்களே பக்கத்து வீட்டுக் குடும்பங்களை 24 இரவு விருந்துக்கு அழைக்கலாமா? அல்லது 25 காலையில் தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: 24 இரவுக்கு அழைக்க வேண்டாம், 25 காலையில் கதவைத் தட்டவும் வேண்டாம். இரண்டாவதை நானே செய்து பார்த்திருப்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இவ்வூருக்கு வந்த முதல் ஆண்டில், கிறிஸ்துமஸ் அன்று காலை பதினொரு மணிக்கு, அதிரசமும் முறுக்கும் அடுக்கிய நான்கு தட்டுகளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் இரவு அங்கியோடு கதவைத் திறந்த பெண்மணி, எங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எண்ணிப் பதறிப்போனார். இரண்டாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் மிகுந்த மரியாதையோடு வாங்கிக்கொண்டு, உள்ளே அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். நான்காவது தட்டை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். வெறுந்தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்ற நம் வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் கழித்து, பளபளவென்று கழுவிய தட்டு ஒன்று என் வாசற்படியில் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜனவரியில் அந்த முதல் வீட்டுப் பெண்மணி தாம் காய்ச்சிய ஆப்ரிகாட் ஜாம் புட்டியோடு வந்து, அந்த மொறுமொறுப்பான பண்டத்தின் பெயர் என்ன என்று கேட்டபோதுதான், பலகாரத்தில் குற்றமில்லை, நாள்தான் தப்பு என்று எனக்கு விளங்கியது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு 24 இரவு குடும்பத்தினருக்கு மட்டுமே உரியது. ‘ரெவெய்யோன்’ என்று சொல்லப்படும் அந்த இரவு விருந்துக்குப் பாரிஸிலிருந்தும் லியோனிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து சேர்வார்கள். சிப்பியும் வாத்து ஈரலும் காயடித்த சேவலும் பாலாடைக்கட்டியும், கடைசியில் மரக்கட்டை வடிவக் கேக்குமாக, எட்டு மணிக்குத் தொடங்கும் சாப்பாடு நள்ளிரவைத் தொடும். மறுநாள் நண்பகலில், பெரும்பாலும் சம்பந்தி வீட்டாரோடு, இன்னொரு நீண்ட விருந்து. பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பமாக இருந்தால் பிள்ளைகள் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஓட வேண்டியிருக்கும். ஆகவே உங்களை அழைக்காததை ஒதுக்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி அன்று விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு நாம் யாரையும் அழைப்பதில்லையே, ஏறக்குறைய அப்படித்தான் அவர்களுக்கு அந்த இரவு.

ஊருக்குப் பொதுவான கிறிஸ்துமஸ் வேறு நாட்களில் நடக்கிறது, புதிதாக வந்தவர்கள் நுழைய வேண்டிய வாசலும் அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸில் ‘கம்யூன்’ எனப்படும் உள்ளாட்சி ஊர்கள் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஐந்நூறு பேர்கூட இல்லை. இவ்வளவு சிறிய ஊர்களில் விழாவை நடத்துவது கடைத்தெரு அல்ல. நான்கைந்து சங்கங்களும், பள்ளியும், புதுச்சேரிக்காரர்கள் நன்கறிந்த ‘மேரி’ என்னும் நகராட்சி அலுவலகமும்தான். டிசம்பரின் முதல் மூன்று வாரங்களில் பள்ளியின் கிறிஸ்துமஸ் விழா, விழாக் குழுவினர் நடத்தும் ‘லோத்தோ’ என்னும் தம்போலா ஆட்டம், ஒரு நாள் சந்தை, முதியோருக்கு நகராட்சி தரும் விருந்து அல்லது பரிசுப் பொட்டலம் என்று வரிசையாக ஏதாவது நடந்துகொண்டிருக்கும். இவற்றின் அறிவிப்புகள் அஞ்சல் பெட்டியில் மெல்லிய ஒற்றைத் தாளாக வந்து விழும். விளம்பரத் தாள் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். மேசை நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். மது ஆலையில் உங்கள் கணவரோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவராவது அந்த விழாக் குழுவில் இருப்பார் என்பது என் கணிப்பு.

பலகாரத்தை டிசம்பர் 20-க்கும் 23-க்கும் இடையே, மாலை வேளையில், திருப்பித் தர வேண்டிய அவசியமில்லாத சிறு பெட்டியில் கொடுங்கள். அரிசி மாவு, உளுந்து, எள் என்று சேர்மானத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உணவுக்கு முன் மதுவோடு கொறிக்கும் ‘அப்பெரித்தீஃப்’ வேளைக்கு முறுக்கைப்போலப் பொருந்தும் பண்டம் வேறில்லை என்று என் பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது உறுதியாக நம்புகிறார்கள்.

வீட்டுக்கு அழைப்பதற்கு ஏற்ற மாதம் ஜனவரி. 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளையொட்டி அந்த மாதம் முழுவதும் ‘கலெத்’ வெட்டுவது இங்கே வழக்கம். வடக்கே அது பாதாம் பூரணம் வைத்த அடுக்கு மாவு வட்டம். தெற்கே உங்கள் பக்கத்தில், சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள் பதித்த வளையம் போன்ற இனிப்பு ரொட்டி. உள்ளே ஒளித்து வைத்த சிறு பீங்கான் பொம்மை எவர் துண்டில் வருகிறதோ அவருக்கே காகித முடி. துண்டுகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று, வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பெயர் சொல்லும். நான் ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் ஒரு ஞாயிறன்று, கலெத்தோடு சர்க்கரைப் பொங்கலும் வைத்து ஆறேழு பேரை அழைக்கிறேன். பொங்கலுக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவை ஒருபோதும் வந்ததில்லை, இங்கே எல்லோரும் அறுவடை பார்த்தவர்கள்.

கேள்வி: நவம்பர் பாதியிலிருந்து யாராவது நாட்காட்டியோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தபால்காரர் வந்தார், பிறகு தீயணைப்பு வீரர் இருவர் வந்தனர். விலை கேட்டால் “உங்கள் விருப்பம்” என்கிறார்கள். இது உண்மைதானா, மோசடியா?

பதில்: பெரும்பாலும் உண்மை. நம் ஊரில் பொங்கல் இனாம் கேட்டு வருவதைப்போன்ற பழைய வழக்கம் இது. வெறுங்கையோடு கேட்காமல் நாட்காட்டியைத் தந்து கேட்கிறார்கள், அவ்வளவுதான். தபால்காரர் அந்த நாட்காட்டிகளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வருகிறார்; நீங்கள் கொடுப்பது அவருக்கே போகும். ஐந்து முதல் பத்து யூரோ வரை கொடுப்பது இயல்பு. மனமில்லாவிட்டால் மறுக்கவும் செய்யலாம். இரண்டு மூன்று மாதிரிகளை நீட்டுவார், பூனைப் படமா மலைப் படமா என்று பொறுமையாகத் தேர்ந்தெடுக்கலாம். மாவட்டத்தின் வரைபடமும், ஒவ்வொரு நாளுக்குரிய புனிதரின் பெயரும் அதில் அச்சிட்டிருப்பதால், யாருடைய பெயர்த் திருநாள் எப்போது வருகிறது என்று பார்த்து வாழ்த்துச் சொல்லவும் அது உதவும்.

பிரான்ஸின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தன்னார்வலர்கள். ஆகவே உங்கள் வாசலில் சீருடையோடு நிற்பவர் நேற்று உங்களுக்கு ரொட்டி விற்றவராகவோ பள்ளியில் உங்கள் மகனோடு படிக்கும் சிறுவனின் தந்தையாகவோ இருக்கக்கூடும். அந்த ஐந்து நிமிடம் உங்கள் பெயரையும் சொந்த ஊரையும் சொல்வதற்கு நல்ல வாய்ப்பு. குப்பை சேகரிப்பவர்கள் இவ்வாறு வருவதைச் சில ஊர்களில் தடை செய்திருக்கிறார்கள், அதை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். சீருடையோ அடையாள அட்டையோ இல்லாமல் வந்து, வீட்டுக்குள் நுழையவும் முயல்கிறவருக்கு மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். மார்செய்க்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஏழு வயது மகள் பள்ளியிலிருந்து ஒரு பொட்டலம் கோதுமையோடு வந்து தட்டில் விதைக்க வேண்டும் என்கிறாள்; களிமண் பொம்மைகள் வாங்கி வீட்டில் குடில் வைக்க வேண்டும் என்றும் அடம்பிடிக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் தயங்குகிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமியாரிடம் அந்தத் தட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். முளைப்பாரி என்றுதான் சொல்வார்.

மார்செய் அடங்கிய உங்கள் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாள். அன்று மூன்று சிறு தட்டுகளில் ஈரப் பஞ்சின் மேல் கோதுமை விதைத்து வெளிச்சத்தில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது அடர்ந்த பச்சையாக நிமிர்ந்து நின்றால் வரும் ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. சிவப்பு நாடா கட்டிக் குடிலுக்குப் பக்கத்திலும் விருந்து மேசையிலும் வைக்கிறார்கள். விழா முடிந்ததும் குப்பையில் போடாமல் மண்ணில் நட்டுவிடுவது வழக்கம். பல அடுமனைகளில் மருத்துவமனைக் குழந்தைகளுக்கான நிதிக்காக இந்தக் கோதுமைப் பொட்டலங்களை விற்கிறார்கள். நீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், பஞ்சு காய்ந்தால் முளை சுருண்டுவிடும். இதில் உங்கள் மாமியாருக்கு இருக்கும் கைப்பழக்கம் அந்தத் தெருவில் வேறு எவருக்கும் இருக்காது.

அந்தக் களிமண் பொம்மைகளுக்குச் ‘சான்தோன்’ என்று பெயர். புரோவான்சு மொழியில் சின்னப் புனிதர் என்று பொருள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டுப் பொதுக் குடில்கள் இல்லாமல் போனபோது, மக்கள் வீட்டுக்குள்ளேயே சிறு குடில் வைக்கத் தொடங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்செயில் ழான்-லூயி லாஞேல் (1764–1822) என்ற கைவினைஞர் அச்சு வார்த்து மலிவான மண் பொம்மைகளைச் செய்ததால், ஏழை வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. 1803-இல் தொடங்கிய மார்செய்ச் சான்தோன் சந்தை இன்றும் நடக்கிறது; பக்கத்திலுள்ள ஒபாஞ் நகரில் இதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் பல உண்டு.

இந்தக் குடிலில் திருக்குடும்பத்தைச் சுற்றி ஓர் ஊரே நிற்கிறது. மாவரைப்பவர், சாணை பிடிப்பவர், மீன்காரி, தம்பட்டம் அடிப்பவர், பார்வையற்ற முதியவரும் அவருக்கு வழிகாட்டும் சிறுவனும், இடுப்பில் வண்ணப் பட்டை கட்டிய ஊர்த்தலைவர். எல்லாருக்கும் நடுவே இரண்டு கைகளையும் மேலே தூக்கி வியந்து நிற்கும் வெள்ளந்தி மனிதன் ஒருவன். அவனுக்கு ‘ராவி’ என்று பெயர், என் வீட்டுக் குடிலில் எனக்கு மிகவும் பிடித்தவனும் அவனே. செட்டியார் கடை வைத்திருப்பதும் கிராமத்துக் கல்யாண ஊர்வலம் போவதுமான நம் கொலுப்படியின் கீழ்த்தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை வாங்கிச் சேர்ப்பதும் இரண்டுக்கும் பொதுவான வழக்கம். ஆகவே கடைக்குப் போய் ஒரே நாளில் முழுத் தொகுதியையும் வாங்கிவிடாதீர்கள். இந்த ஆண்டு திருக்குடும்பமும் ராவியும் போதும், மலையும் பாதையும் அமைக்கக் காட்டிலிருந்து கொஞ்சம் பாசியும் கூழாங்கல்லும் எடுத்து வரலாம்.

குழந்தை இயேசுவை 24 நள்ளிரவு வரை வைக்கக்கூடாது என்பதை மகள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். மூன்று ராஜாக்கள் 6-ஆம் தேதி வந்து சேர்வார்கள். சில வீடுகளில் அவர்களை அலமாரியின் மறுகோடியிலிருந்து நாளுக்கு ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வருவார்கள். மரபுப்படி பிப்ரவரி 2 வரை குடில் இருக்கும். மதத்தைப் பற்றிய உங்கள் மாமியாரின் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த நாட்டிலேயே அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நகராட்சிக் கட்டடத்தில் குடில் வைப்பது அரசையும் மதத்தையும் பிரிக்கும் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணா என்ற வழக்கில், நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் 2016 நவம்பர் 9 அன்று, பண்பாடு, கலை, விழா என்ற தன்மையோடு இருந்தால் தற்காலிகமாக வைக்கலாம், எந்த மதத்தையும் ஏற்பதாக இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நகராட்சிக்கே அவ்வளவு இடம் தரப்பட்டிருக்கும்போது, உங்கள் வீட்டு வரவேற்பறையில் என்ன வைப்பது என்பதை நீங்களும் மாமியாரும் மகளும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு உரிமையாளரான முதிய தம்பதியர் 24 இரவு விருந்துக்கே எங்களை அழைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவம். என்ன சொல்வது, என்ன எடுத்துப் போவது, எத்தனை மணிக்குப் போவது?

பதில்: முதல் கடிதத்துக்கு நான் எழுதிய விடையைப் படித்தால் இந்த அழைப்பின் அருமை உங்களுக்குப் புரியும். அதனால்தான் சைவம் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால், பல வாரங்களாக அந்த விருந்தைத் திட்டமிட்ட அம்மையார் நொந்துபோவார். சைவம் என்ற சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது, மீன் சாப்பிடுவீர்கள் என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். இறைச்சி, மீன், சிப்பி, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம். முட்டை, பால், பாலாடைக்கட்டி ஆகலாம் அல்லது ஆகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நுரைபோன்ற பூரணம் வைத்த கிறிஸ்துமஸ் கேக்குகள் பலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். வெண்ணெய்ப் பூச்சோடு சுருட்டிய பழைய முறைக் கேக்கில் பொதுவாக அது இருப்பதில்லை, முட்டை இருக்கும்.

அவர்கள் புரோவான்ஸ்காரர்களாக இருந்தால் உங்களுக்கு இன்னும் எளிது. அங்கே 24 இரவின் மரபான ‘பெரிய இராச்சாப்பாடு’ இறைச்சி இல்லாத விரத உணவு. கருவாட்டு மீனும் நத்தையும் இருந்தாலும் காய்கறிக்கே முதலிடம். அதற்குப் பிறகு வரும் பதின்மூன்று இனிப்புகளை இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடர்களுக்கும் கணக்கு வைக்கிறார்கள். பெயர்தான் இனிப்பு, பாதிக்கு மேல் உலர்ந்த அத்தி, திராட்சை, பாதாம், அக்ரோட்டு, பேரீச்சை, ஆரஞ்சு என்று பழமும் பருப்புமே. ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சுட்ட தட்டை ரொட்டியைக் கத்தி வைத்து வெட்டக்கூடாது, கையால்தான் பிட்க வேண்டும். மேசை மேல் மூன்று வெள்ளை விரிப்பும் மூன்று மெழுகுவர்த்தியும் இருக்கும்; எதிர்பாராமல் வரும் ஏழைக்கென்று கூடுதலாக ஒரு தட்டு வைத்திருப்பார்கள். இரவில் மேசையைத் துடைக்காமல், மீந்ததை அப்படியே விட்டு விரிப்பின் முனைகளை மட்டும் தூக்கிக் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தது. இறந்துபோன முன்னோர் வந்து உண்பார்கள் என்பது அதன் கருத்து. படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவையும் ஒரே வீட்டில் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பல வீடுகளில் இனிப்புகளும் முளைக்கோதுமையும் மட்டும் எஞ்சியிருக்க, மற்ற இடத்தைச் சிப்பியும் வாத்து ஈரலும் பிடித்துவிட்டன.

எடுத்துப் போவதற்குச் சாக்லேட் பெட்டி பாதுகாப்பானது. சமைத்த உணவை முன்கூட்டிக் கேட்காமல் கொண்டு போக வேண்டாம், உணவு வரிசை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பூ கொண்டு போகலாம். ஆனால் நமக்கு மங்கலமான சாமந்தி இங்கே கல்லறைப் பூ, நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நினைவாக இடுகாடெல்லாம் அதுதான் நிறைந்திருக்கும். உங்களுக்குப் பரிசு தந்தால் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். நம்மைப்போல ஓரமாக வைத்துவிட்டால் அக்கறையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஏழரை மணி என்றால் ஏழே முக்காலுக்குப் போங்கள். முதியவர்களை நீங்கள் என்று பொருள்படும் ‘வூ’ போட்டே பேசுங்கள், நீ என்னும் ‘த்யூ’ போட்டுப் பேசலாமே என்று அவர்களாகச் சொல்லும்வரை.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கிறது. நள்ளிரவுத் திருப்பலிக்கு எங்கே போவது? கத்தோலிக்கர் அல்லாத என் நண்பரும் வரலாமா?

பதில்: பங்குத்தந்தையர் குறைந்துவிட்டதால், இங்கே ஒரே குருவானவர் பத்து இருபது கோயில்களைக் கவனிப்பது சாதாரணம். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுற்றி வரும். பெயர் நள்ளிரவுத் திருப்பலி என்றாலும், குழந்தைகளும் முதியவர்களும் வர வேண்டும் என்பதற்காக மாலை ஆறு, எட்டு மணிக்கே நடக்கும் இடங்கள் பல. நேரமும் இடமும் கோயில் கதவில் ஒட்டியிருக்கும், ஆயர்கள் நடத்தும் திருப்பலி நேர இணையதளத்திலும் கிடைக்கும். 1905-க்கு முன்பு கட்டிய கோயில்களில் பெரும்பாலானவை அந்தந்தக் கம்யூனின் சொத்து. அதனால் உங்கள் ஊர்க் கோயிலின் சாவி நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கக்கூடும். போய்க் கேட்டால் உள்ளே சென்று பார்க்கவும், சில இடங்களில் குடில் அலங்கரிக்கும் குழுவில் சேரவும் முடியும். எங்கள் பக்கத்து ஊரில் பாசி பொறுக்கி வரும் வேலை எனக்கு அப்படித்தான் வாய்த்தது.

உங்கள் நண்பர் தாராளமாக வரலாம். நற்கருணை வாங்கும்போது இடத்திலேயே அமர்ந்திருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் போனால் குருவானவர் ஆசி மட்டும் தருவார். பழைய கற்கோயில்கள் பலவற்றில் சூடேற்றும் வசதி இருக்காது. பட்டுப்புடவை கட்டிக்கொள்ள ஆசையிருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கம்பளிக் காலுறையும் மேலே தடித்த கோட்டும் கட்டாயம். லே போ த புரோவான்ஸ் போன்ற சில ஊர்களில் மேய்ப்பர்கள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காணிக்கையாக்கும் சடங்கு இன்னும் உண்டு. வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி: மொசேல் மாவட்டத்தில் இருக்கிறேன். எனக்கு 26-ஆம் தேதியும் விடுமுறை என்கிறார்கள், பக்கத்து மாவட்டத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இல்லையாம். ஏன்?

பதில்: பிரான்ஸின் வடகிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸும் மொசேலும் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தன. பிரான்ஸோடு மீண்டும் சேர்ந்தபோது உள்ளூர்ச் சட்டங்கள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 26-ஆம் தேதி விடுமுறை அவற்றில் ஒன்று. அரசையும் மதத்தையும் பிரித்த 1905 சட்டமும் அங்கே செல்லுபடியாகாது. உங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் நாளன்றே முதல் பரிசு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தம்பியை 24 இரவே வரச் சொல்லுங்கள், 25 மாலை அவர் கிளம்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வரும் என்று மகனின் ஆசிரியை சொன்னாராம். உண்மையா?

பதில்: வரும். பிரெஞ்சு அஞ்சல் துறை 1962 முதல் இதற்கென்றே ஒரு செயலகம் வைத்திருக்கிறது. 1967 முதல் அது போர்தோவுக்கு அருகிலுள்ள லிபூர்ன் நகரில் இயங்குகிறது. முதல் பதில் கடிதத்தை எழுதியவர் குழந்தை உளவியல் அறிஞர் ஃபிரான்சுவாஸ் தோல்தோ. அப்போதைய அஞ்சல் துறை அமைச்சர் ழாக் மரெத் அவருடைய தம்பி. உறையின் மேல் கிறிஸ்துமஸ் தாத்தா என்று பொருள்படும் ‘பேர் நோயேல்’ (Père Noël) என்று எழுதினால் போதும், தபால்தலை தேவையில்லை. உங்கள் முகவரியைப் பின்புறம் தெளிவாக எழுதி, டிசம்பர் நடுவுக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறேன், குடும்பம் ஊரில். போன கிறிஸ்துமஸில் இரண்டு நாள் எதுவும் திறக்கவில்லை, பேருந்தும் இல்லை. பிஸ்கட் தின்று பொழுதைக் கழித்தேன். இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வயிற்றுப்பாட்டைப் பார்த்துவிடுவோம். சிற்றூர்களில் 24 பிற்பகலுக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிடும். 25 அன்று அடுமனை திறந்தாலும் காலையில் மட்டுமே, அதுவும் பலர் முன்பதிவு செய்ததைக் கொடுப்பதற்காக. கிராமப் பேருந்துகள் அன்று பொதுவாக ஓடா. ஆகவே 23-ஆம் தேதிக்குள் அரிசி, பருப்பு, காய், பால் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். தங்கியிருப்பது பழைய வீடாக இருந்து கணப்படுப்பு மூட்ட எண்ணினால், புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்து சான்றும் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடித்தபின் காப்பீட்டில் சிக்கல் வரும்.

தனிமைக்கு நான் ஒரு வழி சொல்வேன். 1946-இல் அர்மான் மார்க்கிசே என்பவர் தொடங்கிய ‘ஏழைகளின் சின்னச் சகோதரர்கள்’ என்ற அமைப்பு, தனித்து வாழும் முதியவர்களுக்கு 24 இரவும் 25 பகலும் நாடெங்கும் விருந்து நடத்துகிறது. ரொட்டிக்கு முன் பூக்கள் என்பது அவர்களுடைய கொள்கை. அந்த இரண்டு நாட்களிலும் பரிமாறவும், வண்டியில் முதியவர்களை அழைத்து வரவும், உட்கார்ந்து பேசவும் ஆட்கள் போதாது. மொழி அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் உங்கள் வினைச்சொற்களைத் திருத்துவதில் அந்த மாலை முழுவதையும் மகிழ்ச்சியாகக் கழித்துவிடுவார். பக்கத்து நகரில் கிளை இருக்கிறதா என்று டிசம்பர் தொடக்கத்திலேயே கேளுங்கள், உங்களை அழைத்துப் போகவும் யாராவது முன்வரக்கூடும்.

பண்ணை உரிமையாளருக்கும் அண்டை வீட்டாருக்கும் 24-க்கு முன் பார்த்தால் விழா வாழ்த்து என்று பொருள்படும் ‘போன் ஃபெத்’ சொல்லுங்கள்; கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் பொருந்தும். புத்தாண்டு வாழ்த்தை மட்டும் டிசம்பர் 31-க்கு முன் சொல்லாதீர்கள், முந்திச் சொன்னால் கெடுதல் வரும் என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. ஜனவரி 31 வரை அதற்கு அவகாசம் இருக்கிறது. ஜனவரியில் ஊர்த்தலைவர் தம் புத்தாண்டு வாழ்த்துக் கூட்டத்துக்கு எல்லோரையும் அழைப்பார். பல ஊர்களில் புதிதாகக் குடியேறியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்துவதும் அன்றுதான். உரை நீளமாக இருக்கும், கழிவுநீர்க் குழாய் மாற்றிய செலவு வரை சொல்வார். முடிந்ததும் கலெத்தும் நுரைக்கும் மதுவும் தருவார்கள். மது வேண்டாம் என்றால் ஆப்பிள் சாறு கேளுங்கள், இருக்கும்.